நாற்பது கையெழுத்து, ஒரு மணி நேரம்

டாக்டர் வைதேகி அந்தத் தாள்களைத் தகர மேசைமேல் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார். பிறகு கடைசித் தாளைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, முதல் கையெழுத்து அஞ்சு மணிக்கு. கடைசிக் கையெழுத்து ஆறு மணிக்கு. சரிதானா?”

“அஞ்சு அம்பத்தஞ்சுக்கே முடிஞ்சுட்டு டாக்டரம்மா. மிச்ச அஞ்சு நிமிசம் டீ குடிச்சோம்.”

பாராட்டப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீழே பட்டறையில் மரச் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காஸ்டிக் சோடா தண்ணீரும் பழைய எண்ணெயும் கலந்த வாடை மாடிவரை வரும். எங்களுக்குப் பழக்கம். டாக்டர் மட்டும் கைக்குட்டையை மடியிலேயே வைத்திருப்பார்.

“நாப்பது பேர். ஒரு மணி நேரம். இந்த விவரத்தாளை ஒருத்தருக்குப் படிச்சுச் சொல்லவே அரை மணி ஆறது. நீங்க எப்படிப் பண்ணினேள்?”

“எங்க கல்லியில நான் சொன்னாப் போதும். படிக்கணும்னு அவசியம் இல்ல.”

அவர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு கோடு. நாற்பது தாள், நாற்பது கோடு. ஒவ்வொரு தாளின் அடியிலும் சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. அதன்மேலும் கோடு ஏறியது.

அந்தக் கட்டில் பதினேழாவது தாள் என் மருமகள் செல்வியுடையது. அவள் வயிற்றில் அப்போதுதான் ஓர் உயிர் தங்கியிருந்தது. அது எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் அன்றைக்குத் தெரியாது. கடைசிவரை மறைத்து வைத்துக் கதை சொல்லும் வித்தை எனக்கு வராது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். இதை எழுதச் செல்வியும் சம்மதித்திருக்கிறாள்.

என்னை மிஞ்ச ஆளில்லை

ஐந்தாம் வகுப்போடு நாங்குநேரிப் பக்கமிருந்து ரயிலேறியவன் நான். தாராவியில் தகர டின்னைத் தட்டி நிமிர்த்தும் வேலையில் சேர்ந்தேன். ஓட்டல்களிலும் கடைகளிலும் எண்ணெய் தீர்ந்த டின்கள் எங்களிடம் வரும். கழுவி, நசுங்கலை எடுத்து, ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுபடி விற்போம். இன்று எனக்கு மூன்று பட்டறை. மகளுக்கு முலுண்டில் பிளாட். இதெல்லாம் படித்து வந்ததில்லை.

போன வாரம் இதே பத்தியில், எங்கள் கல்லிக்கு, அதாவது எங்கள் சந்துக்கு, குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த கதையை எழுதியிருந்தேன். அந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கியது யார்? நான். பொதுக் கழிப்பறைக்கு விளக்குப் போட, சாக்கடைக்கு மூடி போட, எல்லாவற்றுக்கும் நான்தான். அதற்கொரு முறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்லி முனையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, மை அட்டை. பேர் சொல்லிக் கூப்பிடுவேன். வருவார்கள், போடுவார்கள், போவார்கள். எந்த முனிசிபாலிட்டி அதிகாரியும் என் தாள்களைத் திருப்பி அனுப்பியது கிடையாது.

டாக்டர் வைதேகி வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். மாட்டுங்காக்காரர். அவர் அப்பா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து வந்து செட்டிலான குடும்பம். டி.பி. வந்தவர் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு அது வராமல் தடுக்க மாத்திரை கொடுப்பார்கள் அல்லவா, அதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி. பழைய முறையில் பல மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். புது முறையில் கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாள் பழையதைப் போலவே காப்பாற்றுமா என்று பார்க்க வந்திருந்தார்.

எங்கள் கல்லியில் இருமல் நுழையாத வீட்டு வரிசை கிடையாது. எங்கள் வீட்டிலேயே என் தம்பிக்கு வந்து, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதனால் பட்டறையின் மாடி அறையைச் சும்மாவே கொடுத்தேன். “எத்தனை பேர் வேணும்? நான் சேத்துத் தாரேன்,” என்றேன்.

“நீங்க சேர்க்க வேண்டாம் அண்ணாச்சி. நாங்களே ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசறோம்,” என்றார்.

இரண்டு வாரம் பேசினார்கள். ஆறு பேர்தான் தேறினார்கள். காலையில் தண்ணீர் வரும் நேரம், அப்புறம் கழிப்பறை வரிசை, அப்புறம் வேலை. எங்கள் ஆட்களை உட்காரவைத்து அரை மணி நேரம் பேச முடியுமா? பேர் நிரப்பித் தருகிறேன் என்று டாக்டரோடு வந்த நர்ஸ் சிஸ்டரிடம் சொல்லித் தாள் கட்டை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டேன். மீதியைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

ஒன்றரை இஞ்சு பைப்பு

சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு ஏறிவிட்டது. “எல்லாம் அவியவிய கையால போட்ட கையெழுத்து. ஒண்ணாச்சும் கள்ளக் கையெழுத்துன்னு சொல்லுங்க பாப்போம்,” என்று கத்தினேன்.

“கள்ளம்னு நான் சொல்லலையே. வாங்கோ, ஒருத்தரைக் கேட்டுடலாம்.”

கீழே இறங்கினோம். டீக்கடை பெஞ்சில் வேலாண்டிப் பெரியவர் பாவ் ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தாத்தா, ஞாயித்துக்கிழமை ஒரு கையெழுத்துப் போட்டேளே, அது எதுக்கு?”

“கொழாய்க்குத் தாயி.”

“குழாய்க்கா?”

“ஆமா. இப்பம் இருக்குறது சின்னது. ஒன்றரை இஞ்சு பைப்பு வருதாம்லா.” என்னைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, எப்பம் தோண்டுதாவ?” என்று கேட்டார்.

அந்த வழியாக என் பட்டறை ஆள் இசக்கி டின் கட்டைத் தூக்கிக்கொண்டு போனான். இவன் விவரமானவன், பத்தாவது பாஸ். அவனை நிறுத்தினேன். “ஏலே, நீ எதுக்குக் கையெழுத்துப் போட்டே? டாக்டரம்மாட்டச் சொல்லு.”

“அண்ணாச்சி போடச் சொன்னிய, போட்டேன். ஏன், பத்தலையா? இன்னொண்ணு போடணுமா?”

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது மெதுவாகச் சொன்னார். “மனு வேற, இது வேற அண்ணாச்சி. குழாய்க்கு ஒருத்தர் போடலேன்னாலும் அவருக்கும் தண்ணி வரும். இதுல கையெழுத்துப் போட்டவா உடம்புக்குள்ளதான் மருந்து போகும். வேண்டாம்னு சொல்ல இடமிருந்து, சொல்லாம இருந்தாத்தான் அது சம்மதம். உங்க நாற்காலிக்கு முன்னால நின்னுண்டு யார் வேண்டாம்னு சொல்லுவா?”

“யாரும் சொல்ல மாட்டாவ,” என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

நல்ல டின், கெட்ட டின்

எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. யாருக்குப் பழைய முறை, யாருக்குப் புது முறை என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்களாம். கம்ப்யூட்டர் குலுக்குமாம். டாக்டருக்கே அதில் கை கிடையாதாம்.

“இது என்ன லாட்டரியா? எங்க ஆளுகளுக்குப் புதுசையே கொடுத்துருங்க. நல்ல திடமான ஆளா நான் பாத்துத் தாரேன்,” என்றேன்.

“திடமான ஆளுக்கு மட்டும் கொடுத்து, அவாளுக்கு நோய் வரலேன்னா, மாத்திரையால வரலையா, திடத்தால வரலையா?”

அந்தக் கேள்வி என்னை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது.

பல வருஷத்துக்கு முன்னால் பற்றவைப்புக்கு முன் தடவும் புதுப் பசை ஒன்றை ஒரு ஏஜெண்ட் கொண்டுவந்தான். சோதித்துப் பார்க்கலாம் என்று, என்னிடம் இருந்ததிலேயே கை சுத்தமான ஆளிடம் கொடுத்தேன். அவன் நல்ல டின்னாகப் பொறுக்கி எடுத்து வேலை செய்தான். தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆகா என்று பழைய பசையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பட்டறை முழுக்கப் புதுசையே பூசினேன். அடுத்த மாதம் செம்பூர் எண்ணெய் வியாபாரி டெம்போ நிறைய ஒழுகுகிற டின்னைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார். எண்ணெய் சொட்டிச் சொட்டி நாய்கள் வந்து நக்கின.

பசையில் ஒன்றுமில்லை. அன்றைக்கு ஒழுகாமல் இருந்தது ஆளாலும் டின்னாலும்தான். ஏஜெண்டை இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். நல்லதும் கெட்டதுமாகக் கலந்து, கண்ணை மூடிப் பாதியைப் புதுப் பசைக்கும் பாதியைப் பழைய பசைக்கும் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். டாக்டரிடம் இதைச் சொன்னேன்.

“இதையே நான் டாக்டருக்குப் படிக்கற பசங்களுக்கு ஒரு வருஷம் நடத்தறேன்,” என்றார்.

ஐந்தாம் வகுப்புக்காரன் ஒரே டெம்போவில் கற்றுக்கொண்டான் பாருங்கள். குலுக்கலுக்கு ஒத்துக்கொண்டேன். கையெழுத்து விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை.

திரைக்குப் பின்னால்

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மாடி அறையில் ஒரு துணித் திரை. உள்ளே டாக்டரோ சிஸ்டரோ, கூட ஒரே ஓர் ஆள். நான் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் பட்டறை, என் மாடி, நான் ஏறக் கூடாது!

என் முறை வந்தபோதுதான் விட்டார்கள். விவரத்தாள் முழுக்க வாசித்துக் காட்டிவிட்டு, “இப்போ உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்கோ,” என்றார் டாக்டர். மாத்திரை என்றேன், டி.பி. என்றேன், அதற்குமேல் ஓடவில்லை. நாற்பது பேருக்குச் சாட்சி போட்டவன் திருதிருவென்று விழித்தேன். மறுபடி வாசித்தார். மூன்றாவது தடவைதான் தேறினேன். நான் சரி என்றேனா, வேண்டாம் என்றேனா என்பதை எழுதப்போவதில்லை. அது எனக்கும் டாக்டருக்கும் உள்ளது.

அந்த வாசிப்பில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. கர்ப்பிணிகளுக்கு இந்தப் புது முறை எப்படி என்று இன்னும் சரியாகத் தெரியாது, ஆகவே அவர்களைச் சேர்ப்பதில்லை என்று. கேட்டேன், தலையாட்டினேன். நம் வீட்டில் அப்படி யாருமில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் முறை அதற்கு அடுத்த நாள். காலையில் செல்வி எனக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், “இன்னைக்கு மாடிக்குப் போறிய. நம்ம வீட்டுலேர்ந்து ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லக் கூடாது. கல்லியில எனக்கு ஒரு இது இருக்கு.”

என் மனைவி, “சரி, சரி, தின்னுங்க,” என்றாள். செல்வி கையிலிருந்த கரண்டியிலிருந்து சாம்பார் என் தட்டுக்கு வெளியே சிந்தியது. துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்கள் முகத்தைப் படித்தேன். யார் சரி என்றார்கள், யார் மறுத்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்கு. முடியவில்லை. எல்லோர் கையிலும் ஒரே மாதிரி காகிதப் பை. எல்லோரும் உள்ளே இருந்தது ஏறக்குறைய அதே நேரம். செல்வியும் அதே பையோடு இறங்கினாள். முகத்தில் மட்டும் அழுது கழுவிய மாதிரி ஈரம்.

வீட்டில் அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சோப்பு, இருமும்போது வாயை மூடச் சொல்லும் ஒரு நோட்டீஸ். என் மனைவியின் பையிலும் அதேதான். மாத்திரை அதற்கப்புறம்தானாம். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்து, அதில் தேறியவர்களுக்கு மட்டும். ஆக, பின்னால் மாத்திரைக்கு வராதவர்களை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஏழு பேர்

வாரக் கடைசியில் டாக்டரிடம் கேட்டேன். “எத்தனை பேர் மாட்டேன்னாவ?”

“ஏழு பேர்.”

“யார் யார்?”

“அது சொல்றதுக்கில்லை.”

“நான் கொடுத்த எடம் டாக்டரம்மா இது. எங்க ஆளுக. எனக்குத் தெரியாம எங்க கல்லியில ஏழு பேரா?”

“உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லித்தான் அவா வாயைத் திறந்தா.”

“அப்பம் எடத்தைக் காலி பண்ணுங்க.”

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அவர் எழுந்து திரையின் கயிற்றை அவிழ்த்தார். துணியை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். எடை பார்க்கும் மெஷினைக் கையில் எடுத்தார். ஏழு பெயரைச் சொல்லிவிட்டால் இவ்வளவு வேலையும் வீணாகாமல் தப்பும். இரண்டு வருஷ உழைப்பு என்று சிஸ்டர் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதை விட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தார். பெயரைத் தரத் தயாராக இல்லை.

வியாபாரத்தில் எத்தனையோ பேரை மிரட்டியிருக்கிறேன். மிரட்டினால் விலை இறங்கும். இவர் இறங்குகிற ஆளில்லை என்று அந்த மெஷினைத் தூக்கிய கையிலேயே தெரிந்தது.

“வையுங்க, வையுங்க,” என்றேன். “டீ சொல்லட்டுமா?”

“இஞ்சி போட்டு,” என்றார்.

சுவரில் சாய்ந்தேன்

மழை விட்டு ஒரு மாதத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கதவைச் சாத்தினாள்.

“ஒண்ணு சொல்லுதேன். சத்தம் போடக் கூடாது.”

“என்ன?”

“செல்விக்கு அஞ்சு மாசம். ஸ்கேன் பாத்தாச்சு. நல்லா இருக்கு.”

நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. ஐந்து மாதம். டின் எண்ணுகிறவனுக்கு மாதம் எண்ணத் தெரியாதா? திரை, பை, சாம்பார் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஒங்ககிட்டச் சொன்னா கல்லி முழுக்கச் சொன்ன மாதிரிலா? முந்தி ரெண்டு தடவையும் என்ன செஞ்சிய? நாள் தள்ளிப் பத்து நாள்கூட ஆகலை, லட்டு வாங்கி வீடு வீடாக் கொடுத்திய. ரெண்டும் தங்காமப் போச்சு. அப்புறம் அந்தப் பிள்ளை கொழாயடிக்குப் போனா ஒவ்வொருத்தியா வந்து ‘என்னாச்சு, என்னாச்சு’ன்னு கேட்டாளுவ. லட்டு தின்னவ எல்லாம் கேட்டா. அதான் இந்தத் தடவை கண்ணனைத் தவிர யாருக்கும் சொல்லலை. எனக்கே போன வாரம்தான் தெரியும்.”

கண்ணன் என் மகன். அவனும் வாயைத் திறக்கவில்லை.

“அன்னைக்கு நாக்காலி போட்டு ஒக்காந்தியளே, அத்தனை பேர் நடுவுல அவ எப்படிச் சொல்லுவா? போட்டுட்டு வந்து ராவெல்லாம் அழுதிருக்கா. மாத்திரை கொடுத்தா வாயில போட்டுட்டுப் பின்னால துப்பிரலாம்னு இருந்தாளாம். அப்புறம் அந்த டாக்டரம்மாட்டத்தான் சொல்லியிருக்கா.”

அந்த ஏழில் ஒன்று என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்த நாற்பது தாளும் என் திறமைப்படியே போயிருந்தால்? சிவப்புப் பேனாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன். சோறு ஆறிப்போயிருந்தது, முழுசாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாலு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்தபின் டீக்கடையில் கேட்டார்கள், “என்ன அண்ணாச்சி, விசேஷமா?” என்று. “வீட்டுல கேட்டுக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன். எனக்கு உடம்பு சரியில்லை என்றே சிலர் நினைத்தார்கள்.

பொதுவாகக் கேட்ட கேள்வி

குழந்தை செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். மூன்றாம் நாள் மாட்டுங்காவில் பேடா வாங்கிக்கொண்டு டாக்டரின் ஆஸ்பத்திரி அறைக்குப் போனேன்.

“பேத்தி பொறந்திருக்கா டாக்டரம்மா.”

“அப்படியா! மகளுக்கா, மருமகளுக்கா?”

அவர் முகத்தையே பார்த்தேன். ஓர் இமை ஆடவில்லை. இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவர் மாதிரி புருவம் மேலே போயிருந்தது.

“மருமகளுக்கு.”

“ரொம்ப சந்தோஷம். அம்மாவும் குழந்தையும் சௌக்கியந்தானே? எடை எவ்வளவு?”

“மூணு கிலோவுக்குக் கிட்ட. டாக்டரம்மா, அன்னைக்குத் திரைக்குப் பின்னால அவ ஒங்ககிட்ட...”

“பேடா நன்னா இருக்கு அண்ணாச்சி. எந்தக் கடை?”

கடையைச் சொன்னேன். இன்னொன்று எடுத்துக்கொண்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“பொதுவா ஒண்ணு கேக்கட்டுமா? கர்ப்பமா இருக்குற பிள்ளைன்னு தெரியாம, யாருக்காவது அந்தப் புது மாத்திரையைக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“பொதுவாவே சொல்றேன். தெரியாது. கொடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுவோம், அதுலயே தெரிஞ்சிருக்கலாம். ரொம்ப ஆரம்பமா இருந்தா அதுல தெரியாமப் போகவும் போகலாம். மாத்திரை உள்ள போயிருந்தாலும் ஒண்ணும் ஆகாமலே இருந்திருக்கலாம். ஆகியும் இருக்கலாம்.” கையைத் துடைத்துக்கொண்டார். “தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும்.”

பெரிய படிப்புப் படித்தவர், வெட்கமே இல்லாமல் இரண்டு தடவை தெரியாது என்றார். என் வாயில் அந்த வார்த்தை வந்ததாக நினைவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லாமல் போனதே, அது போதும் எனக்கு.

வெளியே வந்து செம்பூருக்குப் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் செல்வி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கியது. புதுத்துணியும் பாலும் கலந்த வாசனை.

“எங்க மாமா போயிட்டு வாரிய?”

“சும்மா, மாட்டுங்கா வரைக்கும்.”

அவள் குழந்தையை மெதுவாக எடுத்து என் மடியில் வைத்தாள். டின் தட்டித் தட்டிக் காய்த்துப்போன கை, எங்கே பட்டுவிடுமோ என்று விரலை விரித்தே வைத்திருந்தேன்.

“மாமா,” என்றாள். “இனி சொல்லலாம். எல்லார்ட்டயும் சொல்லுங்க.”